20 வயசு வெளிநாட்டு கார் 'பாதி விலைக்கு' வருதா? அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு இதை படிங்க!

திருத்தணி:

ஜப்பானில் ஓடிய ஸ்கைலைன், துபாயில் ஓடிய லேண்ட் குரூஸர், இங்கிலாந்தில் ஓடிய பழைய மினி... செல்போனில் வீடியோவை பார்த்து பார்த்து இந்த வண்டிகள் மீது மோகம் கொண்ட இளைஞர்கள் திருத்தணி, நகரி, புத்தூர் பக்கமும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

"அண்ணே, வெளிநாட்டு வண்டி. பேப்பர் எல்லாம் பக்கா. வேற ஸ்டேட் நம்பர், என்.ஓ.சி. வாங்கி நம்ம ஊருக்கு மாத்திக்கலாம்" என்று ஒரு புரோக்கர் சொன்னால் மனசு அலைபாயத்தான் செய்யும். ஆனால் அந்த வண்டி நாட்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்காமல் பணத்தை கொடுத்தால், காரும் போய் காசும் போய், சுங்கத்துறை சம்மனோடு அலைய வேண்டியதுதான்.

வெளிநாட்டில் ஓடிய பழைய காரை இந்தியாவுக்கு கொண்டு வர முடியுமா? முடியும் என்றால் எந்த வயசு கார்? எவ்வளவு வரி? எல்லை ஊர்க்காரர்கள் எதை கவனிக்க வேண்டும்? விவரம் வருமாறு:-

3 வருஷம்... இல்லேன்னா 50 வருஷம்!

இந்தியாவுக்குள் எந்த பொருள் வரலாம், எது வரக்கூடாது என்பதை முடிவு செய்வது மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக தலைமை இயக்குனரகம். பழைய கார் விஷயத்தில் இந்த துறை இரண்டு வாசல்களைத்தான் திறந்து வைத்திருக்கிறது.

முதல் வாசல்: தயாரித்து 3 ஆண்டு தாண்டாத கார். கிட்டத்தட்ட புது வண்டி மாதிரிதான்.

இரண்டாவது வாசல்: 'விண்டேஜ்' எனப்படும் பழம்பெரும் கார். முன்பு 1950-ம் ஆண்டுக்கு முன் தயாரான வண்டிகளுக்கு மட்டுமே இந்த வாசல் திறந்திருந்தது. 2025-ம் ஆண்டில் இது தளர்த்தப்பட்டு, 50 ஆண்டு பூர்த்தியான வண்டிகள் என்று மாற்றப்பட்டது. அதாவது 1975-ல் பதிவான கார் 2025-ல் தகுதி பெற்றது. 1980-ல் பதிவான கார் 2030-ல் தகுதி பெறும். வருஷம் நகர நகர இந்த கோடும் நகரும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வண்டிகள்? 4 வயசு முதல் 49 வயசு வரை உள்ள அத்தனை கார்களுக்கும் சாதாரண ஆள் கொண்டு வர கதவு மூடித்தான் கிடக்கிறது. இன்றைய ரசிகர்கள் ஆசைப்படும் 1980, 90, 2000-ம் ஆண்டு வண்டிகள் எல்லாம் இந்த மூடிய கதவுக்கு பின்னால்தான் நிற்கின்றன.

எனவே '1998 மாடல் ஜப்பான் வண்டி, போன வருஷம்தான் இறக்குமதி ஆச்சு' என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வார்த்தையிலேயே உஷாராகி விட வேண்டும்.

'25 வருஷ ரூல்' நம்ம ஊர் ரூல் இல்லை

இணையத்தில் அடிக்கடி அடிபடும் '25 வருஷ ரூல்' அமெரிக்காவின் சட்டம். அங்கே 25 ஆண்டு முடிந்த வெளிநாட்டு காருக்கு அந்நாட்டின் பாதுகாப்பு தர சோதனையில் இருந்து விலக்கு உண்டு. 1988-ல் கொண்டு வந்த சட்டத்தில் இருந்து இந்த ஏற்பாடு. 1999-ல் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஆர்-34 கார்கள் 2024-ல் அமெரிக்காவுக்குள் போக ஆரம்பித்தது இப்படித்தான். பக்கத்து நாடான கனடாவில் இதுவே 15 ஆண்டு.

இலங்கை கதை வேறு. அங்கே ஜப்பானில் ஓடிய 'ரீகண்டிஷன்' கார் என்பது சர்வ சாதாரணம். டாலர் நெருக்கடி காரணமாக 2020-ல் வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்த அந்நாடு, 2025 பிப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதி கொடுத்தது. கொழும்பு சொந்தக்காரர் ஜப்பான் வண்டி ஓட்டுகிறார் என்பதற்காக நாமும் கொண்டு வரலாம் என்று கணக்கு போட முடியாது. அந்தந்த நாட்டுக்கு அந்தந்த சட்டம்.

கார் தொழிற்சாலைகள் நிறைந்த நாடு இந்தியா. மற்ற நாடுகள் கழித்து விடும் வண்டிகள் இங்கே வந்து குவிந்தால் உள்ளூர் உற்பத்தி அடிபடும், புகை மாசும் கூடும் என்பதால்தான் இந்த கெடுபிடி.

பக்கத்துல துறைமுகம் இருந்தும்...

3 ஆண்டுக்கு உட்பட்ட காரை கொண்டு வருவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. முக்கிய நிபந்தனைகள்:

* ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். அமெரிக்கா, துபாய் கார்கள் இடது பக்க ஸ்டியரிங் என்பதால் இங்கேயே அடிபட்டு போகும்.

* ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டர் கணக்கில் காட்ட வேண்டும்.

* சாலையின் இடது ஓரம் போகும் நம் நாட்டு போக்குவரத்துக்கு ஏற்றபடி ஹெட்லைட் வெளிச்சம் விழ வேண்டும்.

* இறக்குமதி தேதியில் இருந்து குறைந்தது 5 ஆண்டு சாலையில் ஓடும் தகுதி இருக்க வேண்டும்.

* அரசு அங்கீகரித்த சோதனை மையத்தில் பரிசோதித்து சான்று பெற வேண்டும்.

* பழைய கார் மும்பை துறைமுகம் வழியாக மட்டுமே உள்ளே வர வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் நம் பகுதிக்காரர்களை யோசிக்க வைக்கும். திருத்தணியில் இருந்து சென்னை துறைமுகம் சுமார் 85 கிலோமீட்டர்தான். நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே எண்ணூர் காமராஜர் துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து உள்ளூரில் தயாரான கார்கள் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்கு போகின்றன. புது காரை இறக்குமதி செய்ய சென்னை உள்பட பல துறைமுகங்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் வெளிநாட்டில் ஓடிய பழைய கார் என்றால் மும்பையில்தான் இறக்க வேண்டும்.

'பழைய வெளிநாட்டு கார், சென்னை துறைமுகத்துல போன மாசம் இறங்கினது' என்று யாராவது அளந்தால், அது பொய் என்று அப்போதே தெரிந்து கொள்ளலாம்.

10 லட்சம் கார் 33 லட்சம் ஆவது எப்படி?

அடுத்தது வரி. தலை சுற்ற வைப்பது இதுதான்.

பழைய காருக்கு அடிப்படை சுங்க வரி பல காலம் 125 சதவீதமாக இருந்தது. அதன் மேல் சமூக நல கூடுதல் வரியும் சேர்த்து 137.5 சதவீதம். 2025 பட்ஜெட்டில் அடிப்படை வரி 70 சதவீதமாக குறைக்கப்பட்டது. ஆஹா, பாதியாக குறைந்து விட்டதே என்று பலரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் கூடவே விவசாய உள்கட்டமைப்பு வரி என்று 67.5 சதவீதம் வந்து உட்கார்ந்தது. இரண்டையும் கூட்டினால் மறுபடியும் அதே 137.5 சதவீதம்தான்.

ஒரு கணக்கு பார்ப்போம். கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து காரின் மதிப்பு 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம்.

சுங்க வரி 13 லட்சத்து 75 ஆயிரம். ஆக மொத்தம் 23 லட்சத்து 75 ஆயிரம்.

இந்த மொத்த தொகைக்கு ஜி.எஸ்.டி. போடப்படும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு இது 40 சதவீதம். அதன்படி 9 லட்சத்து 50 ஆயிரம்.

கூட்டினால் 33 லட்சத்து 25 ஆயிரம். இன்னும் வண்டி ரோட்டுக்கு வரவில்லை!

இதற்கு மேல் மாநில அரசின் வாழ்நாள் வரி, பதிவு கட்டணம், இன்சூரன்ஸ், மும்பையில் இருந்து லாரியில் ஏற்றி வரும் செலவு எல்லாம் தனி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி உயர்த்தப்பட்டு, 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு 20 சதவீதம் ஆனது.

'பில்லுல விலையை குறைச்சு போட்டுக்கலாம்' என்ற யோசனையும் பலிக்காது. பில்லில் உள்ள விலை நம்பும்படி இல்லை என்றால், சுங்க அதிகாரிகளே மதிப்பை நிர்ணயிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது.

வெளிநாட்டில் வேலை பார்த்து விட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கும் ஒரு தகவல். டி.வி., பிரிட்ஜ் போன்ற வீட்டு சாமான்களுக்கு கிடைக்கும் 'பேக்கேஜ்' சலுகை காருக்கு கிடையாது. சுங்க சட்டம் 'பேக்கேஜ்' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுக்கும் இடத்திலேயே மோட்டார் வாகனத்தை வெளியே தள்ளி விட்டது.

கோர்ட்டுக்கு போன கார்

இறக்குமதி கார் வரி விவகாரத்தில் தமிழ்நாட்டையே பேச வைத்தது, அப்போது நடிகராக இருந்த விஜய் தொடர்ந்த வழக்கு. 2012-ல் அவர் இங்கிலாந்தில் இருந்து ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் கார் வரவழைத்தார். அது புது கார்தான். சுங்க வரி கட்டியாகி விட்ட நிலையில், மாநில அரசின் நுழைவு வரியும் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டதை எதிர்த்து சென்னை ஐகோர்ட்டுக்கு போனார்.

2021 ஜூலையில் தனி நீதிபதி அந்த மனுவை தள்ளுபடி செய்து 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தார். அதே மாதம் அபராதத்துக்கு டிவிஷன் பெஞ்ச் தடை போட்டது. தனி நீதிபதி தெரிவித்த கருத்துகள் 2022 ஜனவரியில் நீக்கப்பட்டன. ஆனாலும் வெளிநாட்டில் இருந்து வரும் காருக்கு நுழைவு வரி போடலாம் என்பதில் மாற்றம் இல்லை. 2017 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டே இதை சொல்லி விட்டது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நுழைவு வரி மறைந்து விட்டது. ஆனால் அதற்கு முன் இறக்குமதியான காரை இப்போது செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள், நுழைவு வரி ரசீது இருக்கிறதா என்று கேட்டு வாங்கி வைத்துக் கொள்வது நல்லது.

பூடான் வழியாக வந்த வினை

நேர் வழி இவ்வளவு கஷ்டம் என்பதால் குறுக்கு வழி தேடுகிறவர்களும் உண்டு. 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத்துறை நடத்திய 'ஆபரேஷன் நும்கோர்' சோதனை இதை வெட்ட வெளிச்சம் ஆக்கியது. நும்கோர் என்றால் பூடான் மொழியில் வாகனம் என்று அர்த்தம்.

பூடானில் ஓடிய பழைய சொகுசு கார்கள் வரி கட்டாமல் எல்லை தாண்டி கொண்டு வரப்பட்டன. இந்திய ராணுவம், வெளிநாட்டு தூதரகங்கள் ஆகியவற்றின் பெயரில் போலி ஆவணங்கள் தயாரித்து, வடமாநிலங்களில் பதிவு செய்து, பிறகு கேரளாவில் விற்றார்கள் என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு. முதல் நாளிலேயே 30-க்கும் மேற்பட்ட வண்டிகள் பறிமுதல் செய்யப்பட்டன. பிரபல நடிகர்களின் வீடுகளிலும் சோதனை நடந்தது.

இதில் பாடம் என்னவென்றால், சோதனைக்கு உள்ளானவர்களில் பலர் காரை இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்கியவர்கள். 'நாங்க காசு கொடுத்துதான் வாங்கினோம்' என்று சொன்னாலும் வண்டி முதலில் பறிமுதல் ஆகிறது, பேச்சு அப்புறம்தான். சட்ட விரோதமாக நாட்டுக்குள் வந்த பொருளை பறிமுதல் செய்ய 1962-ம் ஆண்டு சுங்க சட்டத்தின் 111-வது பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. யார் கையில் இருக்கிறது என்பது இரண்டாவது கேள்விதான்.

எல்லை ஊர்க்காரர்கள் கவனத்துக்கு

1960 ஏப்ரல் 1-ந் தேதி தமிழ்நாட்டோடு இணையும் வரை ஆந்திராவில் இருந்த ஊர் திருத்தணி. ம.பொ.சி. நடத்திய போராட்டத்தால் கிடைத்த ஊர். எல்லைக்கோடு மாறினாலும் உறவு மாறவில்லை. பொன்பாடி சோதனை சாவடி தாண்டினால் நகரி. பெண் கொடுத்து பெண் எடுத்த குடும்பங்கள் இரண்டு பக்கமும் உண்டு. எனவே ஆந்திர நம்பர் வண்டி இங்கே ஓடுவது ஒன்றும் புதிதல்ல.

சித்தூர் பதிவான 'ஏ.பி. 03', 2019-ல் இருந்து மாநிலம் முழுக்க ஒரே வரிசையாக வந்த 'ஏ.பி. 39' எண்களை தினமும் பார்க்கலாம். இப்படி வெளிமாநில வண்டி வாங்குவது தப்பே இல்லை. ஆனால் சட்டப்படி சில வேலைகள் செய்தாக வேண்டும்.

வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்.ஓ.சி. வாங்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு தகவல் கொடுக்க வேண்டும். வெளிமாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் உள்ளூர் எண்ணுக்கு மாற்ற வேண்டும் என்று மோட்டார் வாகன சட்டத்தின் 47-வது பிரிவு சொல்கிறது. திருவள்ளூர் வட்டாரத்துக்கு 'டி.என். 20'. வாழ்நாள் வரியையும் இங்கே கட்ட வேண்டும்.

வெளிநாட்டு வண்டி விஷயத்தில் இங்கேதான் ஏமாற்று வேலை நடக்கிறது. ஒரு மாநிலத்தில் போலி பேப்பரில் பதிவு வாங்கி, அங்கிருந்து என்.ஓ.சி. போட்டு இன்னொரு மாநிலத்துக்கு மாற்றினால், இரண்டாவது ஆர்.சி. புக் அசலாகவே இருக்கும். செல்போன் ஆப்பில் நம்பரை போட்டாலும் எல்லாம் சரி என்றே காட்டும். ஆனால் அடித்தளம் பொய். ஆக, ஆர்.சி. புக் மட்டும் பார்த்தால் போதாது.

கேட்டு வாங்க வேண்டிய பேப்பர்கள்

1. பில் ஆப் என்ட்ரி: சுங்கத்துறையில் இறக்குமதியாளர் தாக்கல் செய்யும் முக்கிய ஆவணம். வெளிநாட்டு வண்டிக்கு இதுதான் ஜாதகம். இதில் உள்ள எண்ணையும் துறைமுகத்தையும் சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் போட்டு சரி பார்க்கலாம்.

2. வரி கட்டிய ரசீது.

3. சேசிஸ் எண், என்ஜின் எண்: பேப்பரில் உள்ளதும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று நம்பிக்கையான மெக்கானிக்கை வைத்து பார்க்க வேண்டும். எண்ணை சுரண்டிய தடமோ, வெல்டிங் அடையாளமோ இருந்தால் கிளம்பி விட வேண்டும்.

4. தயாரித்த தேதியும் இறக்குமதி தேதியும்: நடுவில் 3 ஆண்டுக்கு மேல் இருந்தால், எந்த அனுமதியில் வந்தது என்று கேட்க வேண்டும்.

5. முதல் பதிவு எந்த ஊர், எத்தனை கை மாறியது என்ற வரலாறு.

ராணுவ ஏலம், தூதரக வண்டி என்று சொன்னால், அந்த ஏல உத்தரவின் நகலை வாங்கி சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் உறுதி செய்து கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு நம்பர் பிளேட்டோடு சுற்றுலா வரும் கார்களும் உண்டு. 'கார்னெட்' என்ற உத்தரவாத சீட்டில் தற்காலிகமாக வருபவை அவை. சாதாரணமாக 6 மாதத்துக்குள் திருப்பி கொண்டு போய் விட வேண்டும். இங்கே விற்கவே கூடாது. விலை சல்லிசு என்று அதை வாங்கினால் சிக்கல்தான்.

அதேபோல் பாதியாக அறுத்து வரும் 'ஹாப் கட்' வண்டியை இங்கே ஒட்டி முழு கார் ஆக்கி தருகிறேன் என்பார்கள். செகண்ட் ஹேண்ட் உதிரி பாகம் கட்டுப்படுத்தப்பட்ட இறக்குமதி பட்டியலில் வருகிறது. ஒட்டிய வண்டிக்கு முறையான பதிவும் கிடைக்காது.

தாத்தா காலத்து கார் என்றால்...

50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு தனி ராஜமரியாதை உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகன விதிகளை வெளியிட்டது. கார், டூவீலர் இரண்டுக்கும் பொருந்தும். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் ஒரிஜினலாக இருக்க வேண்டும்.

புதிதாக பதிவு செய்ய கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க 5 ஆயிரம். மாநில எழுத்துக்கு அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். இறக்குமதி வண்டி என்றால் விண்ணப்பத்தோடு பில் ஆப் என்ட்ரி கட்டாயம். ஏற்கனவே இந்தியாவில் பதிவான வண்டி என்றால் பழைய நம்பரையே வைத்துக் கொள்ளலாம்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு. இந்த பதிவில் உள்ள வண்டியை தினசரி உபயோகத்துக்கோ, வாடகைக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க... இதற்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். ஆடிக்கிருத்திகைக்கு குடும்பத்தோடு மலைப்பாதையில் ஏறி முருகனை கும்பிட்டு வரலாம் என்று நினைத்தால், அதற்கு வி.ஏ. நம்பர் வண்டி சரிப்படாது. சாதாரண பதிவை முறைப்படி புதுப்பித்து வைத்திருக்கும் வண்டியில்தான் போக முடியும்.

அந்த புதுப்பிப்பு கட்டணமும் இறக்குமதி காருக்கு கூடுதல். 15 ஆண்டு தாண்டிய சாதாரண காருக்கு 5 ஆயிரம் என்றால் இறக்குமதி காருக்கு 40 ஆயிரம் என்று 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு தனி கட்டணம் அறிவிக்கப்பட்டது. சாதாரண காருக்கு 10 ஆயிரம், இறக்குமதி காருக்கு 80 ஆயிரம் ரூபாய்.

இடது பக்க ஸ்டியரிங் உள்ள பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு விதி உண்டு. திரும்பும் திசையை காட்டும் இண்டிகேட்டர் போன்ற சிக்னல் கருவி ஒழுங்காக வேலை செய்தால்தான் அதை பொது சாலையில் ஓட்ட வேண்டும் என்கிறது மோட்டார் வாகன சட்டத்தின் 120-வது பிரிவு.

உள்ளூரிலேயே உண்டு பொக்கிஷம்

பழைய கார் மீது ஆசை உள்ளவர்கள் கடல் தாண்டித்தான் தேட வேண்டும் என்பதில்லை. சென்னையிலேயே தயாராகி 1961-ல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 2014 வரை தயாரான அம்பாசிடர், பியட், பிரீமியர் பத்மினி போன்றவை நல்ல நிலையில் இன்றும் கைமாறுகின்றன. இவற்றில் 50 வயது தாண்டியவை விண்டேஜ் பதிவுக்கும் தகுதியானவை. சுங்க வரி இல்லை, பில் ஆப் என்ட்ரி தேட வேண்டியதில்லை. வேலை தெரிந்த பழைய மெக்கானிக்குகளும் நம் பக்கம் இருக்கிறார்கள். ஆசைக்கு ஒரு முறை பார்த்து வர வேண்டும் என்றால் கோவையில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது.

அதையும் மீறி வெளிநாட்டு வண்டிதான் வேண்டும் என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பில் ஆப் என்ட்ரி நகலை வாங்கி, சென்னையில் உள்ள சுங்கத்துறை அலுவலகத்திலோ, அனுபவம் உள்ள சுங்க ஏஜெண்டிடமோ காட்டி விட வேண்டும். பிறகு திருவள்ளூர் வட்டார போக்குவரத்து அலுவலகத்தில், இந்த வண்டியை உள்ளூர் எண்ணுக்கு மாற்ற என்னென்ன வேண்டும் என்று விசாரிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் பச்சைக்கொடி காட்டிய பிறகு பணத்தை எடுத்தால் போதும். 'இன்னிக்கே அட்வான்ஸ் போடலேன்னா வண்டி போயிடும்' என்று அவசரப்படுத்தினால், போனால் போகட்டும் என்று விட்டு விடுவதே புத்திசாலித்தனம்.